ஜன்னல் காட்சியை வெட்டாதே

அன்புள்ள முரளி,

உன் கடிதம் வந்தது. இத்தனை வருட வேலையை உதறிவிட்டு மறுபடி மாணவனாகப் போய் உட்கார்ந்தவன், உன் கம்ப்யூட்டர் அனிமேஷன் படத்துக்கு ரெண்டர், அதாவது ஒவ்வொரு ஃபிரேமையும் கணினி படமாக்கி எடுக்கும் வேலை, முடியாது என்று பாட்டியின் ஜன்னல் காட்சியை வெட்டப் போகிறேன் என்கிறாய். படித்ததும் மனசு கேட்கவில்லை. உன் படத்தின் உயிரே அங்கேதானே இருக்கிறது.

கணக்கு சரிதான். மூன்று நிமிடம், நொடிக்கு 24 ஃபிரேம், ஆக 4,320. ஒரு ஃபிரேமை ரெண்டர் செய்ய ஐந்து நிமிடம் என்றால் இரவு பகலாக 15 நாள். ஆனால் அந்தக் காட்சியில் கேமரா அசையவே இல்லை. அறை அப்படியே நிற்கிறது, பாட்டி மட்டும்தான் அசைகிறாள். அறையை ஒரே ஒரு ஃபிரேம், நல்ல தரத்தில் எடுத்துவிடு. பாட்டியை ஆல்ஃபாவோடு, அதாவது பின்னணி ஒளிபுகும்படி, தனியாக எடுத்து அதன்மேல் வை. அப்போது அறையை அழித்துவிடாதே, கேமராவுக்கு மட்டும் தெரியாமல் மறைத்து வை. சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் அவள் முகத்தில் விழ வேண்டும். தரைக்கு ஷேடோ கேட்சர் போடு, தரை தெரியாமல் அவள் நிழல் மட்டும் பதியும், இல்லையென்றால் அவள் மிதப்பதுபோல் இருக்கும். அவளை மறைக்கும் மேசைக்கு ஹோல்டவுட், மேசை இருக்கும் இடம் வெட்டிய ஓட்டையாக வரும்.

பிளெண்டரின் ரெண்டர் எஞ்சினான சைக்கிள்ஸில் சாம்பிளை, அதாவது ஒவ்வொரு புள்ளிக்கும் ஒளியைக் கணக்கிடும் தடவைகளை, 4096 என்று விட்டுவைத்திருக்கிறாயா? நாய்ஸ் (படத்தில் தெரியும் புள்ளிப் புள்ளியான இரைச்சல்) பாதியாகக் குறைய சாம்பிள் நான்கு மடங்காக வேண்டும். கடைசியாக மிஞ்சும் கொஞ்சம் நாய்ஸுக்குத்தான் நேரமெல்லாம் போகிறது. 200 வைத்து, மிச்ச நாய்ஸை மென்பொருளே நீக்கும்படி டீநாய்ஸ் செய்து பார். ஒரு ஃபிரேமைப் பார்த்து முடிவு செய்யாதே. நிறுத்திப் பார்த்தால் சுத்தமாக இருக்கும் கன்னம், ஓட்டிப் பார்த்தால் மினுங்கும். அப்படியானால் சாம்பிளைக் கொஞ்சம் ஏற்று.

எந்த ஷாட்டையும் நேரடியாக வீடியோவாக எடுக்காதே. போன வருடம் என் படத்தில் ஒரு ஷாட் 300 ஃபிரேம் ஓடியபின் கரண்ட் போய், கோப்பே திறக்கவில்லை. அன்றிரவு நான் தூங்கவில்லை. ஒரு ஃபிரேமுக்கு ஒரு படக்கோப்பு என்று படவரிசையாக எடுத்தால் நின்ற இடத்திலிருந்து தொடரலாம். ஒன்றன்மேல் ஒன்று வைத்துச் சேர்க்க வேண்டியவை ஒளியின் முழு விவரத்தையும் வைத்திருக்கும் ஓபன்இஎக்ஸ்ஆர் கோப்பில் இருக்கட்டும், முடிந்த ஷாட்கள் சாதாரண பிஎன்ஜி படத்தில். எல்லாவற்றையும் கோக்கும் கோப்பில் வியூ டிரான்ஸ்ஃபார்மை, அதாவது கணக்கிட்ட ஒளியைத் திரைக்கான நிறமாக மாற்றும் அமைப்பை, ஸ்டாண்டர்டுக்கு மாற்று. பிஎன்ஜியில் நிறம் ஏற்கெனவே ஏறியிருக்கிறது, இன்னொரு முறை ஏறினால் படமே வெளிறிவிடும். இது புரிய எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.

நான் அடுத்த படத்துக்கு ஸ்டோரிபோர்டு வரைந்துகொண்டிருக்கிறேன். இந்த முறை எந்த ஷாட்டில் கேமரா நிற்கிறது, எதில் நகர்கிறது என்று வரையும்போதே ஓரத்தில் குறித்துவைக்கிறேன்.

பாட்டி திரும்பிப் பார்க்கும் அந்தப் பத்து ஃபிரேமை மட்டும் முதலில் இப்படி எடுத்து அனுப்பு. உடனே பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

அன்புடன்,
சேகர்