பச்சை மாத்திரையின் அட்டையைப் படியுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

முடி கொட்டுகிறது, முகம் பளபளக்க வேண்டும் என்று மருந்துக்கடையில் பச்சை நிற வைட்டமின் ஈ மாத்திரையைச் சீட்டே இல்லாமல் வாங்கி மாதக்கணக்கில் விழுங்குகிறவர்கள் அட்டையின் பின்பக்கத்தை ஒருமுறை படிக்க வேண்டும். டி-ஆல்ஃபா என்றிருந்தால் இயற்கை வகை, டிஎல்-ஆல்ஃபா என்றால் செயற்கை. செயற்கையில் எட்டு விதமான மூலக்கூறுகள் கலந்திருக்கும், உடம்பு பயன்படுத்துவது பாதியைத்தான். பெயரோடு அசிடேட் என்ற சேர்க்கை இருந்தால் கவலை இல்லை, குடலிலேயே அது பிரிந்துவிடும்.

சரி, எந்த வகை என்பதைவிட அளவுதான் எனக்குப் பெரிய பயம். பெரியவர்களுக்கு நாளைக்கு 15 மில்லிகிராம் போதும், பல மாத்திரைகளில் இருப்பதோ 400. அமெரிக்காவில் நடந்த செலக்ட் என்ற ஆய்வில் தினமும் 400 யூனிட் (ஏறக்குறைய 400 மில்லிகிராம்) செயற்கை வகை சாப்பிட்ட ஆண்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடியதாக 2011இல் தெரியவந்தது. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மருந்து எடுப்பவர்களுக்கு ரத்தக்கசிவு ஆபத்தும் உண்டு. உங்கள் மருத்துவப் பக்கத்தில் இதை விரிவாக வெளியிடுங்கள்.