டோக்கன் வாங்கிச் சென்ற தம்பிக்கு

அப்பா உள்ளறையில் தூங்குகிறார். காய்ச்சல் விட்டு இரண்டு நாளாகிறது. பாதத்தில் போட்ட தையலும் காய்ந்து வருகிறது. அந்த இரவு முழுவதும் எங்களோடு விழித்திருந்தவர்களுக்கு முதலில் இந்தச் செய்தியைச் சொல்லிவிடுகிறேன்.

நடந்தது என்னவென்று உங்களுக்குத் தெரியும். நினைவு தடுமாறும் அப்பா அன்று இரவு வீட்டை விட்டுக் கிளம்பிக் காணாமல் போனார். அதற்கு மேல் எழுதும் தெம்பு எனக்கு இன்னும் வரவில்லை. அப்பாவின் படத்தைக் கைப்பேசிக்குக் கைப்பேசி அனுப்பியவர்கள், சிங்கப்பூரின் கிளமெண்டியில் ஒவ்வொரு புளோக்காக மழையில் ஏறி இறங்கிய அண்டை வீட்டார், கால்வாய் ஓரமெல்லாம் டார்ச் அடித்துப் பார்த்த தமிழ்நாட்டு, பங்களாதேஷ் ஊழியர்கள், பணி நேரம் முடிந்தும் வீட்டுக்குப் போகாத இளம் காவலர், முனீஸ்வரனுக்கு நேர்ந்துகொண்ட அத்தைமார், விடியற்காலை நான்கு மணிக்குப் பிளாஸ்க்கில் மைலோ கொண்டுவந்து என் கையில் திணித்த பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி, இத்தனை பேருக்கும் ஒரே வரியில் நன்றி சொல்வது நியாயமில்லை. உங்கள் ஒவ்வொருவர் வாசலுக்கும் அம்மாவும் நானும் வருவோம்.

ஒருவன் வாசல் மட்டும் எனக்குத் தெரியாது. பெயரும் தெரியாது. அவனுக்காகத்தான் இந்த மடல்.

புக்கிட் தீமா பழைய ரயில் நிலையத்தில் அப்பா இருப்பதாகக் காலை ஏழு மணியளவில் அழைப்பு வந்தது. நடைப்பயிற்சிக்கு வந்த தம்பதியர் படத்தைப் பார்த்து அடையாளம் கண்டிருக்கிறார்கள். இரவெல்லாம் எங்கெங்கோ தேடிய எங்களுக்கு அந்த இடம் தோன்றவே இல்லை. தோன்றியிருக்க வேண்டும். அப்பா பாயிண்ட்ஸ்மேனாக, ரயில்களுக்குத் தடம் மாற்றிவிடுபவராக, வேலை பார்த்த நிலையம் அது. அதை ஒட்டிய ரயில்வே குவார்ட்டர்ஸில்தான் நான் நடை பழகினேன்.

1932இல் கட்டிய சின்னச் செங்கல் கட்டடம். ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரெதிரே வரும் ரயில்கள் ஒன்றுக்கொன்று வழிவிட்டுப் போகும் இடம். ஜூரோங் தொழிற்பேட்டைக்குச் சரக்கு ரயில் பிரிந்ததும் இங்கிருந்துதான். அதனால் கட்டடம் சிறியதென்றாலும் வேலை பெரியது. வரிசையாக நிற்கும் இரும்பு நெம்புகோல்களில் சிவப்பை இழுத்தால் தூரத்தில் கைகாட்டி இறங்கும். கறுப்பை இழுத்தால் தண்டவாளம் தடம் மாறும். எங்கள் வீட்டில் அந்த இடத்துக்கு 'கேபின்' என்றுதான் பெயர். "அப்பா கேபினுக்குப் போயிருக்கிறார்" என்று அம்மா சொல்லும் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

டோக்கனைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒற்றைத் தடத்தில் இரண்டு ரயில்கள் நேருக்கு நேர் வந்துவிடக்கூடாது. அதற்காக அடுத்தடுத்த இரண்டு நிலையங்களிலும் மின்கம்பியால் இணைத்த இரும்புப் பெட்டிகள் உண்டு. உள்ளே சாவி போன்ற டோக்கன்கள் இருக்கும். அவற்றில் ஒன்று வெளியே இருக்கும்வரை எந்தப் பெட்டியிலிருந்தும் இன்னொன்று வராது. டோக்கன் கையில் இல்லாமல் ஓட்டுநர் அந்தத் தடத்தில் நுழையக் கூடாது. அதைத் தோல்பையில் போட்டு, பெரிய வளையம் ஒன்றில் கட்டி, நடைமேடையில் நின்றபடி கையை உயர்த்திப் பிடிப்பார் அப்பா. ரயில் நிற்காது. ஓட்டுநர் வெளியே நீட்டிய கை வளையத்துக்குள் நுழைந்து பறித்துக்கொண்டு போகும். தோளில் அந்த அடி விழாத நாளில்லை என்பார். அங்கே ரயில் ஓடிய கடைசி நாள்வரை, 2011 ஜூன் 30வரை, அங்கே டோக்கன் கை மாறிக்கொண்டுதான் இருந்தது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அப்பா நடைமேடையின் விளிம்பில் வெறுங்காலோடு நின்றிருந்தார். ஒரு கால் முழுக்க இரத்தம். அந்தத் தம்பதியர் உட்காரச் சொல்லிக் கெஞ்சியும் நகரவில்லையாம். ரயில் வரப்போகிறது, வளையத்தைக் காணோம் என்று தவித்திருக்கிறார். "மானா டோக்கன்? மானா டோக்கன்?" டோக்கன் எங்கே என்று மலாயில் கேட்டுக்கொண்டே இருந்தாராம். ரயில்வேயில் அவர் பேசியது அந்த மொழிதான். கையைப் பிடித்தவர்களை உதறியிருக்கிறார்.

அப்போதுதான் சைக்கிளில் அந்த வழியாக வந்திருக்கிறான் அந்த மலாய்ப் பையன். பதினைந்து வயது இருக்கலாம். அப்பா கேட்ட கேள்வி அவனுக்குப் புரிந்திருக்கிறது. சைக்கிள் பூட்டைக் கழற்றி, அந்தக் கறுப்புக் கம்பியை வட்டமாக மாட்டி, "இதோ டோக்கன், பாக்சிக்" என்று, மாமா என்பதை மலாயில் சொல்லி, நீட்டியிருக்கிறான்.

நான் ஓடி வருவதைப் பார்த்து, கொஞ்சம் பொறுங்கள் என்று அவன் கையைக் காட்டினான். பிறகு சைக்கிளை இரும்புப் பாலத்தின் பக்கம் ஓட்டிக்கொண்டு போய்த் திரும்பி, நடைமேடையை ஒட்டி வேகமாக வந்தான். அப்பாவின் முதுகு நிமிர்ந்தது. வலது கை உயர்ந்தது. எழுந்து தண்ணீர்க் குவளையைப் பிடித்தால்கூட நடுங்கும் கை அது, அப்போது நடுங்கவில்லை. பையன் இடது கையை நீட்டி, வளையத்துக்குள் நுழைத்து, வாங்கிக்கொண்டு போனான். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்து, இந்த முறை அவன் நீட்ட, அப்பா வாங்கினார். வாங்கி, தோளில் மாட்டிக்கொண்டு, என்னைப் பார்த்து, "ரயில் போய்விட்டது. வீட்டுக்குப் போகலாமா?" என்றார். என் பெயரையும் சொன்னார். எட்டு மாதமாகச் சொல்லாத பெயர்.

அவரைக் காரில் ஏற்றி, காலில் துணியைச் சுற்றி, நிமிர்ந்து பார்த்தால் பையனைக் காணோம்.

இந்த நாட்களில் ஒரு நினைப்பு என்னை விடாமல் சுற்றுகிறது. ரயில் நின்றதும் தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்தார்கள். நிலையத்தின் முன்னே ஒரு துண்டை விட்டுவைத்தார்கள். அப்பா அறிந்த புக்கிட் தீமாவில் மிச்சம் அதிகமில்லை. அருகே கிங் ஆல்பர்ட் பார்க் எம்.ஆர்.டி. ரயில் நிலையம் 2015இல் வந்தது. குறுக்குத் தீவு ரயில் பாதையும் அங்கே வந்து சேரப்போகிறது. திரும்பிய பக்கமெல்லாம் அடுக்குமாடி. ஜூரோங் தடத்தைக் காடு மூடிவிட்டது. இத்தனைக்கும் நடுவில் அந்தச் செங்கல் கட்டடமும் நெம்புகோல்களும் இரண்டு இரும்புப் பாலங்களும் அப்படியே இருந்ததால்தான், இருட்டிலும் மழையிலும் அவருடைய கால் ஓர் இடத்தில் போய் நின்றது. அதையும் இடித்திருந்தால் அவர் எவ்வளவு தூரம் நடந்திருப்பார்? நினைக்கவே பயமாக இருக்கிறது.

இந்தப் பழைய ரயில் வழித்தடத்தைப் பசுமையாகக் காக்க வேண்டும் என்று 2010இல் சிங்கப்பூர் இயற்கைச் சங்கம் கோரிக்கை வைத்தபோது நான் அதைப் படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பியவள். பழைய இரும்பை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறார்கள் என்று வீட்டில் சொன்னதும் நினைவிருக்கிறது. அப்பா அன்று பதில் பேசவில்லை. அந்த நிலையத்துக்காக மனுப் போட்டவர்களுக்கும், அதைச் செப்பனிட்டு 2022இல் திறந்துவிட்டவர்களுக்கும், அந்த நெம்புகோல்களுக்குச் சாயம் பூசிய முகம் தெரியாத தொழிலாளிக்கும் நான் பதினைந்து வருடம் தாமதமாகக் கைகூப்புகிறேன். இனி அங்கே எதையாவது எடுக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டால் முதல் ஆளாக நான் போய் நிற்பேன்.

தம்பி, உன் பூட்டு எங்களிடம் இருக்கிறது. அப்பா அதை வாசல் ஆணியில் மாட்டி வைத்திருக்கிறார். காலையிலும் மாலையிலும் தொட்டுப் பார்த்துக்கொள்கிறார். கேட்டால், டோக்கன் இங்கே இருக்கிறது, எந்த ரயிலும் வராது, நிம்மதியாகத் தூங்கு என்கிறார். அந்த நாளிலிருந்து இரவில் கதவைத் தட்டுவதில்லை.

உனக்குப் புதிய பூட்டு வாங்கி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நானும் அப்பாவும் நிலையத்தில் இருப்போம். இந்த மடலைப் படிப்பவர்களில் யாருக்காவது அவனைத் தெரிந்தால் சொல்லிவிடுங்கள். நீலச் சைக்கிள், முன்சக்கரத்தின் மூடி உடைந்திருக்கும். பழைய பூட்டை மட்டும் அவன் திருப்பிக் கேட்கக் கூடாது.