மானின் வெள்ளை வயிறு

அன்புள்ள நண்பா,

உன் கடிதமும் கூடவே வந்த புள்ளிமான் படமும் கிடைத்தன. அம்மாவின் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லாரும் நலம். வேலை வழக்கம்போல ஓடுகிறது, அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. ராத்திரி எல்லாரும் படுத்த பிறகு கிடைக்கிற நேரமெல்லாம் விலங்குகளோடுதான் போகிறது.

சரி, மானுக்கு வருகிறேன். கோடு அருமை. பின்னங்காலை நன்றாகப் பிடித்திருக்கிறாய். அங்கே பின்பக்கமாக மடங்கித் தெரிவது குதிகால். முழங்கால் மேலே வயிற்றை ஒட்டி ஒளிந்திருக்கிறது. இது பிடிபடப் பலருக்கு நாளாகும். ஆனால் நிழல் போட்டதும் மான் தட்டையாகிவிட்டது, ஏன் என்று கேட்டிருந்தாய். பாதிப் பழி மானுக்குத்தான் போக வேண்டும்.

வெளிச்சம் பெரும்பாலும் மேலிருந்து வருகிறது. உருண்டையான எதுவானாலும் மேலே வெளுத்தும் கீழே இருண்டும்தான் தெரியும். மானின் தோலோ நேர் எதிர்: முதுகு அடர்பழுப்பு, வயிறு வெள்ளை. வெளிச்சம் காட்டித்தருகிற உருட்சியைத் தோல் அழித்துவிடுகிறது. வேட்டைக்கு வருகிறவன் கண்ணில் மான் சட்டென்று படாது. 1896இல் இதை விளக்கி எழுதியவர் ஆபட் தேயர் என்ற அமெரிக்க ஓவியர். ஒரு விலங்கியல் உண்மையை ஓவியர் ஒருவர் எடுத்துச் சொன்னதில் எனக்கு ஏனோ தனி சந்தோஷம். பிற்பாடு அவர் அளவு மீறிப் போனார். பூநாரை சிவந்திருப்பதே அந்தி வானத்தோடு கலந்து மறையத்தான் என்று சொல்லப்போய், அமெரிக்க அதிபராக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட்டிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். மூலக் கருத்து மட்டும் நிலைத்தது. காங்கோ ஆற்றுப் படுகையில் தலைகீழாக நீந்துகிற கெளுத்தி ஒன்று உண்டு. அதற்கு வயிறுதான் கறுப்பு!

மான் அழித்துவைத்த நிழலை நாம் திருப்பி வரைய வேண்டியிருக்கிறது. வயிறு வெள்ளை என்று நமக்குத் தெரியும், அதனால் கை வெள்ளையைத்தான் எடுக்கும். ஆனால் நிழலில் இருக்கும் வெள்ளை வயிறு, வெயில் படும் பழுப்பு முதுகைவிட இருட்டாகக்கூட இருக்கலாம். பென்சிலில் தோலின் நிறம், வெளிச்சம் இரண்டையும் ஒரே கோட்டில் கொண்டுவர வேண்டும், அதுதான் சிரமம். கணினியில் இரண்டையும் பிரித்துவிடலாம் என்பதே எனக்கு அதில் பிடித்த விஷயம்.

நான் செய்வது இப்படி. ஒரு லேயரில், அதாவது கண்ணாடித்தாள்போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிற தளம் ஒன்றில், தோலின் சொந்த நிறம் மட்டும். வெளிச்சம் என்று ஒன்று உலகில் இல்லாததுபோல, பழுப்பு, வெள்ளை, புள்ளி அவ்வளவுதான். அதற்கு மேலே இன்னொரு லேயர், கிளிப்பிங் மாஸ்க் போட்டு (பூசுவது கீழே உள்ள உருவத்தைத் தாண்டி வழியாது), மல்டிப்ளை முறையில். அதில் சாம்பல் கலந்த ஊதா ஒன்றை எடுத்து, முழு மானும் வெள்ளைச் சுண்ணாம்பில் செய்த பொம்மை என்று நினைத்துக்கொண்டு நிழல் போடுவேன். வேலை நடக்கும்போது கீழ் லேயரை அணைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் நிறம் கண்ணை இழுத்துக்கொண்டே இருக்கும். மல்டிப்ளை என்பது பேருக்கேற்ற பெருக்கல்தான்: வெள்ளை ஒன்று, கறுப்பு பூஜ்யம், நடுவில் உள்ளவை பின்னம். வெள்ளையால் பெருக்கினால் கீழே இருப்பது மாறாது, மற்ற எதனால் பெருக்கினாலும் இருளும். உன் மானின் புள்ளிகளும் இதில் தானாகவே அடங்கும். இப்போது அவை நிழல் பக்கத்திலும் பளிச்சென்று இருக்கின்றன, உருட்சியைக் கெடுப்பதில் முக்கால் பங்கு அவற்றுடையது. உடம்பு வளைந்து திரும்பும் ஓரங்களில் புள்ளிகளைக் குறுக்கிவிடு, வட்டமாகவே விடாதே.

இதில் ஒரு பொறி உண்டு, புலி வரையும்போது மாட்டுவாய். பூஜ்யத்தை எதனால் பெருக்கினாலும் பூஜ்யம்தானே? வரிகளை முழுக் கறுப்பில் போட்டால் வெயிலிலும் நிழலிலும் ஒரே மாதிரி ஓட்டையாக நிற்கும். அடர்பழுப்பில் போடு, நிழலுக்குள் போனதும் அதுவே கறுத்துக்கொள்ளும். கறுப்புப் பூனைக்கும் இதே வைத்தியம்.

மல்டிப்ளை மட்டும் போட்டு நிறுத்தினால் படம் அழுக்காகத் தெரியும். வயிற்றுக்குத் தரையிலிருந்து எதிரொளி ஏறி வருகிறது அல்லவா, அதையும் தர வேண்டும். புல்லில் நிற்கிற மானுக்கு லேசான பச்சை, மணலில் நிற்பதற்கு வெதுவெதுப்பான மஞ்சள். மல்டிப்ளைக்கு எதிராகக் கீழே இருப்பதை வெளுக்கவைக்கிற ஸ்கிரீன் முறையில் தனி லேயர் போட்டு மிருதுவான பிரஷ்ஷால் தொட்டால் போதும். ஆனால் எதிரொளி, வெயில் படும் பக்கத்தின் வெளிச்சத்தை எட்டிவிடக் கூடாது. அப்புறம் காது. சூரியன் பின்னாலிருந்து அடித்தால் மெல்லிய காது வழியாக ஒளி புகுந்து செம்மஞ்சளாக ஒளிரும். அங்கே சாம்பல் நிழல் போட்டால் செத்த காது.

முடியைப் பற்றி நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். கணினியில் பெரிய கேடு பெரிதாக்கிப் பார்க்கும் வசதிதான். நாலு மடங்கு பெரிதாக்கி ஒவ்வொரு முடியாக வரைவோம், முழுப் படத்தைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. வெளிச்சம் நிழலாக மாறும் எல்லையிலும் உடம்பின் வெளிக்கோட்டிலும் கொஞ்சம் முடி காட்டினால், மீதியைப் பார்ப்பவர் கண் நிரப்பிக்கொள்ளும். கரடி மாதிரி நீண்ட முடி என்றால் கொத்து கொத்தாகப் பிரித்து, ஒவ்வொரு கொத்தையும் ஒரு தனி உருவமாக நினைத்து நிழல் கொடு. முடிக்கென்று பிரஷ் தொகுப்புகளைத் தேடி இறக்கிக்கொண்டிருக்காதே, அது வரையாமல் இருப்பதற்கான சாக்கு.

ஜெர்மன் ஓவியர் டியூரர் 1502இல் வரைந்த முயலை எங்காவது பெரிய அளவில் பார். அதன் கண்ணில் ஒரு ஜன்னலே பிரதிபலிக்கும். கண்ணில் வைக்கும் வெள்ளைப் பொட்டு, ஒளி வரும் இடத்தின் உருவம். உன் மானின் உடம்பில் வெளிச்சம் இடப்பக்கம், கண்ணின் பொட்டு வலப்பக்கம் இருக்கிறது, மாற்றிவிடு.

கணினியில் இணைத்துப் பேனாவால் வரைகிற டேப்லெட் வாங்கலாமா என்ற கேள்விக்கு: வாங்கு, திரையில்லாததே போதும். கை மேசையிலும் கண் திரையிலும் இருப்பது முதலில் எரிச்சலாகத்தான் இருக்கும், பழகிவிடும். பேனாவை அழுத்துகிற அழுத்தத்துக்கு ஏற்பக் கோடு தடிக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்கு. மென்பொருளுக்குக் காசு செலவழிக்காதே. கிருதா என்ற வரைகலை மென்பொருள் இலவசம், நான் மேலே சொன்ன எல்லாம் அதில் இருக்கிறது. பென்சிலையும் விட்டுவிடாதே, முதல் கோட்டை நான் இன்னும் காகிதத்தில்தான் போடுகிறேன், படம் எடுத்துக் கணினிக்கு ஏற்றிக்கொள்கிறேன்.

அம்மாவிடம் நான் விசாரித்ததாகச் சொல். சொட்டு மருந்தை நேரம் தவறாமல் போடச் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்