ஈடு கேட்காதீர்கள்: தமிழ்நாட்டு வங்கி அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மாநில அளவிலான வங்கியாளர் குழுவில் இடம்பெற்றிருக்கும் மதிப்பிற்குரிய வங்கி அதிகாரிகளுக்கு,

வணக்கம். நான் விழுப்புரம் மாவட்டத்தில் வீட்டு மாடிகளில் சோலார் பேனல் பொருத்தும் தொழில் செய்கிறேன். எலக்ட்ரிக்கல் டிப்ளமோ படித்தவள். ஆதிதிராவிடர் சமூகத்துப் பெண். சென்ற மாதம் ஒரு வங்கிக் கிளையில் என் முன்னால் வெள்ளைத்தாள் ஒன்றை வைத்து, "எனக்கு இப்போது கடன் தேவையில்லை, விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்" என்று கைப்பட எழுதித் தரச் சொன்னார்கள். மறுத்துவிட்டு வந்தேன். அந்தத் தாள் எதற்காக என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் என் கோரிக்கை: அரசின் கடன் உத்தரவாதம் கிடைக்கக்கூடிய கடனுக்கு எங்களிடம் சொத்து ஈடு கேட்காதீர்கள்.

திட்டங்களைப் பற்றி உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நான் விண்ணப்பித்தது பட்டியலினத்தவர், பழங்குடியினர் தொழில் தொடங்குவதற்கான அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில். 2023இல் தமிழ்நாடு அரசு இதைக் கொண்டுவந்தபோது எங்கள் தெருவில் படித்த பிள்ளைகள் எல்லோரும் அதைப் பற்றித்தான் பேசினார்கள். திட்டச் செலவில் 35 சதவீதம் அரசு மானியம், மீதி 65 சதவீதம் வங்கிக் கடன், வட்டியில் 6 சதவீதத்தை அரசே ஏற்கும், நாங்கள் கைப்பணம் போட வேண்டியதில்லை. சிறு சரக்கு வண்டி, கருவிகள், சாரம், பேனல் அடுக்க ஒரு கிடங்கு என்று என் திட்டம் 18 லட்சம் ரூபாய். 6.30 லட்சம் மானியம் போக, வங்கி தர வேண்டியது 11.70 லட்சம். மாவட்டத் தொழில் மையம் பரிந்துரை செய்து அனுப்பியது. அதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது.

கிளையில் முதல் கேள்வியே "கொலாட்டரல் என்ன இருக்கு?" என்பதுதான், அதாவது ஈடாக வைக்க என்ன சொத்து இருக்கிறது என்று. இரண்டாவது கேள்வி, "வீட்டுக்காரர் என்ன பண்றார், அவரைக் கூட்டிட்டு வாங்க." என் திட்ட அறிக்கையை யாரும் புரட்டிப் பார்க்கவில்லை. ஒரு மாதத்தில் எத்தனை கிலோவாட் போட முடியும், வீட்டிலிருந்து வெளியே போகும் மின்சாரத்தையும் கணக்கிடும் நெட் மீட்டர் வர எவ்வளவு நாள் ஆகும், வாடிக்கையாளர் எப்போது பணம் தருவார், இப்படி எதையாவது கேட்டிருந்தால் விடிய விடியப் பதில் சொல்லியிருப்பேன்.

எங்களிடம் இருப்பது ஒரே ஒரு சொத்து. ஆதிதிராவிடர் நலத்துறை அம்மாவின் பெயரில் கொடுத்த இலவச வீட்டுமனை, அதில் அப்பாவும் அம்மாவும் கூலி வேலை செய்து கட்டிய வீடு. அந்தப் பட்டாவைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மூலப் பத்திரம் கேட்டார்கள். அரசு கொடுத்த மனைக்கு மூலப் பத்திரம் எங்கிருந்து வரும்? பட்டாதான் மூலம் என்றேன். விற்கக் கூடாது என்று நிபந்தனை உள்ள மனை, சொத்து ஈட்டுக்கு ஏற்றது என்று வக்கீல் ஒபினியன் தரமாட்டார் என்றார்கள். சரி, சொத்துக்கு மதிப்புப் போடும் வேல்யூயரையாவது அனுப்புங்கள் என்று கெஞ்சி, அவருடைய கட்டணத்தையும் நானே கட்டினேன்.

அவர் வந்தார். வாசலில் நின்றபடி டேப்பைப் பிடித்து அளந்தார். அம்மா கொடுத்த தண்ணீரைக் குடிக்கவில்லை. கிளம்பும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஏம்மா, காலனிக்குள்ள இருக்கிற இடத்தை பேங்க் ஏலம் விட்டா யார் எடுக்க வருவா? நான் என்னன்னு மதிப்பு போடுறது?" என்றார். திட்டுகிற குரலில் சொல்லவில்லை. எனக்கு விவரம் புரிய வைப்பதாக நினைத்துத்தான் சொன்னார். ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஊர்த்தெருவில் இதே அளவு மனை பல லட்சத்துக்குக் கைமாறுகிறது. அதே மண், அதே குடிநீர்க் குழாய், அதே மின்கம்பி. அம்மா திண்ணையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். வாழ்நாள் உழைப்பைப் போட்டுக் கட்டிய வீட்டுக்கு மதிப்பே கிடையாது என்று அவர் காதுபடச் சொன்னதை என்னால் மறக்க முடியவில்லை.

அதிகாரிகளே, எங்களுக்கு நிலம் இல்லாமல் போனது எங்கள் சோம்பலால் அல்ல. செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரமென்ஹீர் 1891இலேயே எங்கள் மக்களின் நிலையை அரசுக்கு அறிக்கையாக எழுதினார். அதைத் தொடர்ந்து 1892இல் எங்கள் மக்களுக்கென்றே பஞ்சமி நிலம் ஒதுக்கப்பட்டது. அந்த நிலத்தில் பெரும்பகுதி இன்று யார் யார் கையில் இருக்கிறது என்பது ஊருக்கே தெரியும். தலைமுறையாகச் சொத்து சேர்க்க முடியாதவர்களுக்குத் தொழில் தொடங்க வழி வேண்டும் என்றுதான் இந்தத் திட்டங்களே வந்தன. அந்தத் திட்டத்தின் வாசலில் நின்றுகொண்டு சொத்துப் பத்திரம் கேட்டால், எங்களில் யார் உள்ளே வர முடியும்?

ஈடில்லாமல் கடன் கொடுத்தால் வங்கிக்கு நஷ்டம் வராதா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். அதற்குத்தானே சிறு குறு தொழில்களுக்கான கடன் உத்தரவாத நிதியம் 2000ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது? கடன் வாராக்கடனானால் பெரும்பகுதியை அந்த நிதியம் ஏற்கிறது. அதன் உச்சவரம்பு இப்போது 10 கோடி ரூபாய். என் கடன் 11.70 லட்சம். 10 லட்சம் வரையிலான குறு, சிறு தொழில் கடனுக்கு ஈடு வாங்கவே கூடாது என்று ரிசர்வ் வங்கி 2010இலேயே சொல்லிவிட்டது. என் கடன் அதைவிட 1.70 லட்சம் கூடுதல் என்பதைப் பிடித்துக்கொண்டு, "10 லட்சத்தைத் தாண்டிட்டீங்களே" என்றார்கள். உத்தரவாத நிதியத்தைப் பற்றிக் கேட்டால், "அதெல்லாம் பேப்பர்ல இருக்கும், கிளெய்ம் வாங்குறது எவ்வளவு கஷ்டம் தெரியுமா" என்று பதில் வந்தது, அதாவது நஷ்டத்தை நிதியத்திடம் கேட்டு வாங்குவது. கிளெய்ம் வாங்குவது கஷ்டம் என்றால் அந்த நிதியத்திடம் சண்டை போட வேண்டியது வங்கி. அந்தக் கஷ்டத்தை என் அம்மாவின் வீட்டின் மீது ஏற்றாதீர்கள்.

இப்போது அந்த வெள்ளைத்தாள். பட்டியல் சாதியினர், பழங்குடியினரின் கடன் விண்ணப்பத்தை நிராகரிப்பதானால் கிளை மட்டத்தில் செய்யக் கூடாது, அடுத்த மேல்நிலை அதிகாரிதான் செய்ய வேண்டும், காரணத்தைத் தெளிவாகக் குறிப்பிட வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் அறிவுறுத்தல். என்னையே எழுதித் தரச் சொன்னதற்கு இதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. நான் எழுதிக் கொடுத்திருந்தால் நிராகரிப்பு என்றே ஒன்று நடந்திருக்காது. மேலதிகாரிக்குப் போகாது, காரணம் பதிவாகாது. உங்கள் கூட்டத்தில் வாசிக்கும் அறிக்கையிலும் "விண்ணப்பதாரர் விரும்பவில்லை" என்றுதான் வரும். இப்படி எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள். ஒருவர் ஐடிஐ முடித்த வயர்மேன். இன்னொருவர் மகளிர் குழுவில் நன்றாகக் கணக்கு வழக்கு பார்த்த அக்கா. அவர்களுக்குத் தொழிலில் விருப்பமில்லை என்று உங்கள் கோப்பு சொல்கிறது.

ஒன்றிய அரசின் ஸ்டாண்ட் அப் இந்தியா கடன் திட்டத்தின் கணக்கையும் நீங்கள் அறிவீர்கள். 2016 ஏப்ரலில் தொடங்கியபோது, ஒவ்வொரு வங்கிக் கிளையும் குறைந்தது ஒரு பட்டியலினத்தவர் அல்லது பழங்குடியினருக்கும் ஒரு பெண்ணுக்கும் 10 லட்சம் முதல் 1 கோடி வரை கடன் தர வேண்டும் என்றார்கள். அப்போது நாட்டில் கிளைகள் சுமார் 1.25 லட்சம். ஒன்றிய அரசு வெளியிட்ட கணக்குப்படி 2024 மார்ச் வரை பட்டியலினத்தாருக்கும் பழங்குடியினருக்கும் சேர்த்து ஏறத்தாழ 61,000 கடன்கள். கிளைக்கு ஒருவர் என்ற இலக்கில் எட்டு ஆண்டுகளில் பாதிதான் வந்திருக்கிறது. இப்போது 2025 பட்ஜெட்டில், முதல்முறை தொழில் தொடங்கும் பெண்கள், பட்டியலினத்தவர், பழங்குடியினர் 5 லட்சம் பேருக்கு 2 கோடி ரூபாய் வரை கடன் என்று அறிவித்திருக்கிறார்கள். அதுவும் உங்கள் கிளைகளின் மேசைகளைக் கடந்துதான் எங்களிடம் வந்தாக வேண்டும்.

சூரிய மின்சாரத்தில் பணம் இல்லாமலில்லை. பிரதமரின் சூரிய வீடு திட்டத்துக்கு 2024இல் 75,021 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். 3 கிலோவாட் போடும் வீட்டுக்காரருக்கு 78,000 ரூபாய் மானியம், அதற்குமேல் குறைந்த வட்டியில் ஈடில்லாக் கடன். நல்ல விஷயம், நான் குறை சொல்லவில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள்: மாடி வைத்திருப்பவருக்கு ஈடில்லாமல் கடன், அந்த மாடியில் ஏறிப் பேனல் பொருத்துகிறவளுக்கு ஈடு. இந்தத் திட்டத்தில் விற்பனையாளராகப் பதிவு செய்ய 2.5 லட்சம் ரூபாய்க்கு வங்கி உத்தரவாதம், அதாவது நாங்கள் வேலையில் தவறினால் அந்தப் பணத்தை வங்கி தரும் என்ற உறுதி, கொடுக்க வேண்டும். புதியவர்களிடம் அந்த உத்தரவாதத்துக்கு முழுத் தொகையையும் வைப்புநிதியாகப் போடச் சொல்கிறார்கள். அவ்வளவு பணத்தை ஆண்டுக்கணக்கில் முடக்கிப்போட என்னிடம் இருந்தால் நான் ஏன் கடன் கேட்டு வருகிறேன்?

அதனால் என்ன நடக்கிறது என்றால், எங்கள் தெருப் பையன்கள் வெயிலில் மாடியில் ஏறுகிறார்கள். பேனலைத் தாங்கும் ஸ்ட்ரக்சரை முடுக்குவது, கேபிள் இழுப்பது, எர்த் குழி தோண்டுவது எல்லாம் அவர்கள்தான். பில் வேறொருவர் பெயரில் போகிறது. லாபமும் அங்கேதான். நானும் இன்றுவரை இன்னொருவர் பதிவின் கீழ்தான் வேலை எடுக்கிறேன். கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் 2016இலேயே வந்துவிட்டது. அப்படிப்பட்ட இடங்களில் எங்கள் சனங்களுக்குக் கிடைப்பது புல் வெட்டுவதும் பேனல் கழுவுவதும். 2030க்குள் சூரிய சக்தி உட்பட நிலக்கரி, எண்ணெய், எரிவாயு எரிக்காத மின்திறன் 500 ஜிகாவாட் என்று நாடு இலக்கு வைத்திருக்கிறது. அதில் எங்களுக்குக் கூலி மட்டும்தான் என்று யார் முடிவு செய்தது? மாநில அரசு பட்டியலினத்தவர், பழங்குடியினர் புத்தொழில் நிதி என்று ஒன்றை நடத்துகிறது. நிறுவனத்தில் பங்கு எடுத்து முதலீடு தருகிறார்கள். வரவேற்கிறேன். ஆனால் அது புதிய கண்டுபிடிப்போடு பெரிதாக வளரக்கூடிய நிறுவனங்களுக்கு. நாலு பேரை வைத்துத் தாலுகா தாலுகாவாகப் போய் வேலை செய்கிற என்னைப் போன்றவர்களுக்கு வங்கியை விட்டால் வேறு வழி கந்துவட்டிதான்.

கோபத்தில் எங்கெங்கோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எல்லாக் கிளையும் இப்படி என்று நான் சொல்லவில்லை. பக்கத்து மாவட்டத்தில் இதே திட்டத்தில் ஈடு எதுவும் கேட்காமல் கடன் கொடுத்த மேலாளர் ஒருவரைப் பற்றிக் கேள்விப்பட்டேன். அவர் விதியை மீறவில்லை. விதியில் இருப்பதைச் செய்தார், அவ்வளவுதான்.

நான் கேட்பதும் அதைத்தான். அடுத்த காலாண்டுக் கூட்டத்தில் இதைப் பேசுங்கள். கடன் உத்தரவாதத்துக்குத் தகுதியுள்ள எந்தக் கடனுக்கும், குறிப்பாக பட்டியலின, பழங்குடி, பெண் தொழில்முனைவோரிடம், ஈடு கேட்கக் கூடாது என்று எல்லாக் கிளைகளுக்கும் சுற்றறிக்கை அனுப்புங்கள். கொடுக்க முடியாது என்றால் மேலதிகாரி கையெழுத்தோடு காரணத்தை எழுத்தில் கொடுக்கச் சொல்லுங்கள். "விண்ணப்பதாரரே திரும்பப் பெற்றார்" என்று வரும் கணக்கைத் தனியாக எடுத்து, அந்த ஆட்களைக் கூப்பிட்டு விசாரியுங்கள். ஏன் எழுதிக் கொடுத்தார்கள் என்று அவர்களே சொல்வார்கள். பேனல் விற்பனையாளர் பதிவுக்கான உத்தரவாதத்துக்கு முழு வைப்புநிதி கேட்பதையும் தளர்த்த முடியுமா என்று தயவுசெய்து பாருங்கள்.

என் விண்ணப்பம் இன்னும் அந்தக் கிளையில் நிலுவையில்தான் இருக்கிறது. நான் அதைத் திரும்பப் பெறவில்லை, பெறப்போவதும் இல்லை. ஈடு கேட்காமல் பரிசீலித்து, முடிவு எதுவானாலும் எழுத்தில் தெரிவிக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சூரிய மின் தொழில் செய்யும் ஒரு பெண்,
விழுப்புரம் மாவட்டம்.