பதிவு கூடினால் குற்றம் கூடியதாகுமா?

ஐயா,

குற்றங்கள் பெருகிவிட்டன என்ற செய்திகளுக்குப் பெரும்பாலும் ஆதாரம் காவல் நிலையப் பதிவுகள்தான். புகாராகாத குற்றம் அதில் ஏறாது. காப்பீட்டுக்குப் புகார் தேவை என்பதால் வாகனத் திருட்டு பெரும்பாலும் பதிவாகிவிடும். பாலியல் வன்முறையோ பெரும்பகுதி மறைந்தே கிடக்கும். புகார் கொடுப்பது எளிதானாலே எண்ணிக்கை எகிறும்.

அதனால்தான் ஆய்வாளர்கள், குற்றத்தால் பாதிக்கப்பட்டீர்களா என்று மக்களிடமே நேரடியாகக் கேட்கிறார்கள். அமெரிக்காவில் 1973 முதல் நடக்கும் ஆய்வு, 12 வயது நிரம்பியவர்களிடம் கடந்த 6 மாத அனுபவத்தைக் கேட்கிறது. காலவரம்பு நீண்டால் சிலவற்றை மறந்துவிடுவார்கள், தேதியும் குழம்பும். பாதிக்கப்பட்டவர் உயிரோடு இல்லாததால் கொலை இதில் வராது.

காரணம் தேடும்போதும் இதே கவனம் வேண்டும். ரோந்து மிகுந்த பகுதியில் கைதும் கூடும். அதை வைத்து அங்கு வாழ்வோரின் இயல்பே அப்படி என்பது அநியாயம். மொத்த எண்ணிக்கையோடு, 1 லட்சம் பேருக்கு எத்தனை என்ற விகிதத்தையும் தயவுசெய்து வெளியிடுங்கள்.