லாஹௌல் வெறும் வழி அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த, இமாச்சலப் பிரதேசத்து லாஹௌல்-ஸ்பிட்டி மாவட்டப் பயணக் கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை, மறுக்கவில்லை. ஆனால் ‘மனித வாடையே இல்லாத நிலவுப் பரப்பு’ என்று எழுதியிருக்கிறாரே, அங்கேதான் எனக்குப் பொறுக்கவில்லை. அந்த நிலவுப் பரப்பில் மூன்று வருடம் வாடகைக்குக் குடியிருந்தவன் நான். எல்லைப் பகுதிகளில் சாலை போடும் மத்திய அரசு அமைப்பில் கணக்கு எழுதும் வேலை, 1989 முதல் 92 வரை லாஹௌலில் உள்ள கேலாங்கில்.

2011 கணக்கெடுப்பில் அந்த மாவட்டத்தின் மொத்த மக்கள்தொகை 31,564. பரப்பளவு 13,800 சதுர கிலோமீட்டருக்கும் மேல். சதுர கிலோமீட்டருக்கு இரண்டு பேர் என்று வகுத்துப் பார்த்தால் காலி நிலம்தான். ஆனால் ஆட்கள் அப்படி ஆளுக்கு அரை கிலோமீட்டராகப் பிரித்துக்கொண்டா இருக்கிறார்கள்? பெரும்பகுதி பாறையும் பனியும். தண்ணீர் எட்டுகிற இடத்தில்தான் வயல், வயல் இருக்கிற இடத்தில்தான் வீடு, அந்த வீடுகளும் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு நிற்கும். பீர் பஞ்சால் மலை பருவமழையை அந்தப் பக்கமே நிறுத்திவிடுவதால் மணாலியில் கொட்டுகிற மழை ரோஹ்தாங் கணவாயைத் தாண்டினால் பேருக்குத்தான் இருக்கும். விவசாயம் முழுக்கப் பனி உருகி வரும் தண்ணீரில். மலைச்சரிவில் வெகுதூரம் வெட்டிக் கொண்டுவந்த வாய்க்காலுக்கு அங்கே ‘குல்’ என்று பெயர். பனி குறைந்த வருடம் குல்லில் தண்ணீர் குறையும், யார் முறை, எத்தனை நேரம் என்ற பேச்சு சூடாகும். தஞ்சாவூர்க்காரனுக்கு முறைத் தண்ணீர்ச் சண்டை புரியாதா? பாஷை தெரியாமலே எனக்குப் புரிந்தது அது ஒன்றுதான்.

பனிக்காலத்தில் ‘ஆறு மாதம் சும்மா உட்கார்ந்திருப்பார்கள்’ என்கிறது கட்டுரை. சுரங்கப்பாதை வராத அந்த நாளில் ரோஹ்தாங் மூடினால் மே மாதம் வரை வெளியுலகம் கிடையாது, எப்போதாவது ஹெலிகாப்டர், அதுவும் வானம் மனசு வைத்தால். ஆனால் சும்மாவா? வீடுகளுக்கு மண் கூரை, மட்டமான கூரை. இரவெல்லாம் விழுந்த பனியைக் காலையில் மரத் துடுப்பால் தள்ளாவிட்டால் எடை தாங்காமல் இறங்கிவிடும், உருகினால் ஒழுகும். வீட்டுக்காரம்மா (எனக்கு அக்கா மாதிரி) விடிவதற்குள் கூரையில் ஏறிவிடுவார், நான் டீயோடு கீழே நின்று வேடிக்கை பார்த்ததில் ஒருமுறை தலையில் ஒரு குவியல் விழுந்தது, வேண்டுமென்றே தள்ளினார் என்றுதான் இன்றும் நம்புகிறேன். கீழ்த் தளத்தில் மாட்டுக்குத் தீனி, மேலே ‘தந்தூர்’ என்கிற இரும்பு அடுப்பைச் சுற்றி மொத்தக் குடும்பம், அதன் மேல் பாப்பரை என்கிற மலைத் தானிய மாவில் வார்த்த ‘சில்ரா’ (நம் தோசைக்குத் தூரத்து உறவு). பெண்கள் கையில் எந்நேரமும் பின்னல் ஊசி. அந்த வண்ணக் காலுறைகளுக்கும் கையுறைகளுக்கும் இப்போது புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. பின்னலைக் கற்றுக்கொடுத்தது 19-ஆம் நூற்றாண்டில் கேலாங்குக்கு வந்த மொரேவியன் சபைக் கிறிஸ்தவ மிஷனரிகள் என்பார்கள், உருளைக்கிழங்கும் அவர்கள் கொண்டுவந்ததுதான். பிறகு அந்த உருளைக்கிழங்கே வெளி மாநிலங்களுக்கு விதைக் கிழங்காகப் போய் ஊருக்குக் காசு கொண்டுவந்தது. இதெல்லாம் கட்டுரையில் ஒரு வரி இல்லை. ‘தாண்டி’ என்ற ஊரின் பெட்ரோல் பங்கில் ‘அடுத்த பங்க் 365 கிலோமீட்டர்’ என்ற பலகை மட்டும் இருக்கிறது!

அந்தத் தாண்டியில்தான் சந்திராவும் பாகாவும் கூடி சந்திரபாகா ஆகிறது, கீழே போய் அதுவே செனாப். சந்திரா பக்கம் ஒரு பேச்சு, பாகா பக்கம் ஒரு பேச்சு, கூடிய பிறகு பட்டன் பள்ளத்தாக்கில் இன்னொரு பேச்சு. அலுவலகத்தில் வெவ்வேறு பள்ளத்தாக்குக்காரர்கள் இருவர் தங்களுக்குள் இந்தியில் பேசிக்கொண்டதைப் பார்த்து முதலில் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. சாமி விஷயம் இன்னும் அழகு. திரிலோகிநாத் கோயிலில் ஒரே வெள்ளைக்கல் சிலை, இந்துக்களுக்குச் சிவன், பௌத்தர்களுக்கு அவலோகிதேஸ்வரர், பூசை செய்வது லாமா. யாரும் யாரையும் ‘இது யார் சாமி’ என்று கேட்டு நான் பார்க்கவில்லை.

சரி, சுரங்கப்பாதைக்கு வருகிறேன். 2020 அக்டோபரில் திறந்த 9 கிலோமீட்டர் அடல் சுரங்கப்பாதையால் பிரசவ வலி வந்த பெண் ஹெலிகாப்டருக்குக் காத்திருக்க வேண்டியதில்லை, இதற்கு நிகராக ஒரு நன்மை கிடையாது, அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. அதே பாதை வழியாகத்தான் பனி பார்க்க வருகிற வண்டிகளும் லாஹௌலின் சிஸ்ஸு கிராமத்தில் போய்க் குவிகின்றன, பனிக்காலத்தில்தான் ஹல்டா, பாக்லி என்று அவர்களுடைய திருவிழாக்கள் வரும். சாமிக்குச் சத்தம் ஆகாத நாட்கள் என்று சுற்றுலா வேண்டாமென அந்தப் பக்கத்து ஊர்கள் முடிவெடுத்ததைக் கட்டுரையாளர் ‘பழமைவாதம்’ என்று ஒரே சொல்லில் தள்ளிவிட்டார். நம் வீட்டு விசேஷத்தன்று வாசலில் யாரோ பாட்டுப் போட்டு ஆடினால் நாம் என்ன சொல்வோம்?

அப்புறம் ஒரு திருத்தம். பெரிய படத்துக்குக் கீழே ‘கேலாங் மடாலயம்’ என்று போட்டிருக்கிறீர்கள். அது ஸ்பிட்டியில் உள்ள கீ மடம். இடையில் 4,500 மீட்டருக்கு மேலே குன்சும் கணவாய் நிற்கிறது, பனிக்காலத்தில் அது மூடியபின் ஸ்பிட்டியின் காஸா ஊர்க்காரர் தன் மாவட்டத் தலைநகரான கேலாங்குக்கு வர கின்னௌர் வழியாக இறங்கி மாநிலத்தையே பாதி சுற்ற வேண்டும். அடுத்த இதழில் திருத்தம் போட்டுவிடுங்கள், கேலாங்குக்கு ஒரு பிரதி அனுப்பலாம் என்றிருக்கிறேன், இந்தப் படத்தோடு அனுப்பினால் அக்கா சிரிப்பார்.

அன்புடன்,
ஒரு பழைய வாசகர்,
தஞ்சாவூர்.