சாய்தளத்தில் என்ன கோட்பாட்டுச் சண்டை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜனவரி 18 முதல் 25 வரை கிறிஸ்தவ ஒன்றிப்பு வாரம், அதாவது பிரிந்து கிடக்கும் சபைகள் ஒன்றாக வேண்டும் என்று சேர்ந்து செபிக்கும் வாரம். 1908-இல் தொடங்கிய வழக்கம். 1968 முதல் கத்தோலிக்கத் திருச்சபையும் உலகக் கிறிஸ்தவ சபைகள் மன்றமும் சேர்ந்து தயாரித்த செபங்களே இதில் பயன்படுகின்றன. ஆனால் பெரும்பாலான இடங்களில் நடப்பது என்ன? ஆயர்களும் போதகர்களும் மேடையில் வரிசையாக உட்காருவார்கள், ஆளுக்கொரு செபம் சொல்வார்கள், கடைசியில் ஒரு குழுப்படம் எடுப்பார்கள். சக்கர நாற்காலியில் வந்தவர் வாசற்படியோடு நின்றுவிடுகிறார். அவரை எந்தச் சபைக் கணக்கில் சேர்ப்பது?

1952-இல் ஸ்வீடனின் லுண்ட் நகரில் பல சபைகளின் பிரதிநிதிகள் கூடிய மாநாடு சபைகளிடம் கேட்ட கேள்வி இன்றும் அப்படியே இருக்கிறது. ஆழ்ந்த கருத்து வேறுபாட்டால் பிரிந்தே செய்தாக வேண்டிய காரியங்களைத் தவிர, மற்ற எல்லாவற்றையும் சேர்ந்து செய்யக் கூடாதா என்பதே அது. ஒரே பந்தியில் நற்கருணை வாங்க இன்னும் முடியவில்லை. அதற்குக் கனமான காரணங்கள் உண்டு, அவற்றை ஒரு வாரத்தில் தீர்க்கவும் முடியாது. ஆனால் வாசற்படிக்குப் பக்கத்தில் சக்கர நாற்காலி ஏறச் சாய்தளம் கட்டவும், ஒலிபெருக்கியைச் சரிசெய்யவும், படுக்கையில் கிடப்பவரைப் போய்ப் பார்க்கவும் எந்தத் திருச்சபைச் சங்கத்தின் தீர்மானம் வேண்டும்?

சாய்தளம் என்றதும் பலகை ஒன்றைப் படியில் சாய்த்துவிடுகிறார்கள். அது ஆபத்து. உயரத்தைப் போல் பன்னிரண்டு மடங்கு நீளம் வேண்டும். 15 செ.மீ. படிகள் மூன்று என்றால் 45 செ.மீ. உயரம். அதற்குச் சாய்தளம் 5.4 மீட்டர் நீளம் வரவேண்டும். இரண்டு மீட்டர் பலகையில் தள்ளினால் நாற்காலி பின்பக்கம் கவிழும். ஏறி முடிகிற இடத்தில் ஒன்றரை மீட்டர் சதுரம் சமதளமாக இல்லாவிட்டால் கதவைத் திறக்கும்போது நாற்காலி பின்னோக்கி உருளும். கதவிலும் ஒரு சிக்கல் உண்டு. இரட்டைக் கதவில் ஒன்றைத் தாழிட்டுவிட்டால் மிஞ்சுவது அறுபது சொச்சம் செ.மீ. நாற்காலி நுழையக் குறைந்தது 80 வேண்டும், 90 இருந்தால் நல்லது. தாழ்ப்பாளை நீக்கச் செலவே கிடையாது!

உள்ளே வந்தவரை நடைபாதையின் ஓரத்திலோ கடைசிச் சுவரை ஒட்டியோ நிறுத்துவது அடுத்த தவறு. நடுவரிசை ஒன்றில் பெஞ்சைக் குறைத்து 90 செ.மீ. அகலம் விட்டால், குடும்பத்தோடு சேர்ந்து உட்காரலாம். இத்தனையும் செய்த ஆலயங்கள்கூட பீடத்துக்குச் சாய்தளம் வைப்பது அபூர்வம். அவர் கேட்க மட்டும்தான் வருவார், வாசகம் வாசிக்க வரமாட்டார் என்று யாரோ முன்பே முடிவு செய்துவிட்டார்கள்.

காது மந்தமானவர்கள் விஷயத்தில் நல்ல மனதோடு செய்யப்படும் அநியாயம் ஒன்று உண்டு. "எனக்கு மைக் வேண்டாம், என் குரலே போதும்" என்பார் பேச்சாளர். காதுக்கருவி அணிந்தவர்களுக்காக ஆலயத்தைச் சுற்றித் தூண்டல் கம்பி வளையம் போட்டிருந்தால், மைக்கில் விழும் குரல் மட்டுமே அந்தக் கருவிக்குப் போகும். பேச்சாளர் மைக்கைத் தள்ளிவைத்த நொடியில் காதுக்கருவி அணிந்தவருக்கு ஆராதனை முடிந்துவிட்டது. சைகை மொழிபெயர்ப்பாளரை ஜன்னலுக்கு முன்னால் நிறுத்தினால் பின்வெளிச்சத்தில் கையும் முகமும் கருநிழலாகிவிடும். பாட்டுத்தாளில் எழுத்து 18 புள்ளி அளவு இருக்கட்டும். திரையில் அருவி ஓடவிட்டு அதன்மேல் பாட்டு வரிகளை ஓட்டுவதை யார் கண்டுபிடித்தார்களோ தெரியவில்லை. பார்வை மங்கியவருக்கு அங்கே தண்ணீர் மட்டும்தான் தெரியும்.

சேர்ந்து செபிக்கும்போது சொற்களும் இடறும். கர்த்தர் கற்பித்த செபத்தில் ஒரு பக்கம் "பிதாவே", மறுபக்கம் "தந்தையே". கத்தோலிக்கர் தீமையிலிருந்து விடுவிக்கும் வேண்டுதலோடு நிறுத்த, மற்றவர்கள் "ராஜ்யமும் வல்லமையும்" என்று தொடர்வார்கள். பழகியவர்கள் சமாளிப்பார்கள், புதிதாக வந்தவர் திகைப்பார். ஒரே வடிவத்தை அச்சிட்டுக் கொடுங்கள். முடியாவிட்டால் எங்கே நிறுத்துவது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வீட்டோடு முடங்கியவர்களைச் சபைகள் பகிர்ந்துகொண்டு சந்திக்கும் திட்டம் பெரும்பாலும் இரண்டு இடங்களில் உடைகிறது. முதலாவது, ஆடு திருடுகிறார்கள், அதாவது அடுத்த சபையின் ஆட்களைத் தம் பக்கம் இழுக்கிறார்கள் என்ற சந்தேகம். சந்திக்கப் போகிறவர் தம் சபைக்கு அழைக்கக் கூடாது, நற்கருணையை அவரவர் குருவோ போதகரோதான் கொண்டுவருவார் என்று முதல் நாளே எழுதிக் கையெழுத்திட்டுவிட்டால் அந்தப் பேச்சு எழாது. இரண்டாவது, அந்தரங்கம். பெயர்ப்பட்டியலைக் கைமாற்றும் முன் அவரவரிடம் சம்மதம் கேட்க வேண்டும். அவர் என்ன நோயில் கிடக்கிறார் என்பது செப விண்ணப்பமாக மைக்கில் ஒலித்துவிட்டால், அந்த வீட்டுக் கதவு மறுபடி திறக்காது.

இதையெல்லாம் யார் திட்டமிடுவது? விவிலியத்தில் அப்போஸ்தலர் பணி 6-ஆம் அதிகாரத்தில், அன்றாடப் பந்தியில் தங்கள் விதவைகள் கவனிக்கப்படவில்லை என்று கிரேக்க மொழி பேசுவோர் முறையிட்டார்கள். அந்தப் பந்தியைக் கவனிக்கத் தெரிந்தெடுக்கப்பட்ட ஏழு பேரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள்தான். விடுபட்டவர்களின் பக்கத்திலிருந்தே பொறுப்பாளர்களை எடுத்திருக்கிறார்கள். இன்றைய ஒன்றிப்பு வாரக் கமிட்டியில் சக்கர நாற்காலியில் வருபவர், காது கேளாதவர், வெளியூரிலிருந்து பிழைக்க வந்தவர் என்று இரண்டு மூன்று பேராவது இருக்க வேண்டும். டிசம்பரில் தொடங்கினால் காலம் போதாது, செப்டம்பரிலேயே கூடுங்கள். அந்தக் கூட்டத்தையும் மாடி அறையில் வைத்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்